செஸ்னா 172-க்குப் புதுக் கட்டுப்பாட்டுக் கேபிள்: கார்பன் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ்ஸா?

சிறு விமானமான செஸ்னா 172-இன் ஆண்டுச் சோதனைக்காகத் தரைத்தகடுகளைத் திறந்து, எலிவேட்டர் (வாலில் இருந்து மூக்கை ஏற்றி இறக்கும் தட்டு) கேபிளைத் துணியால் உருவிப் பார்க்கும்போது ஓரிடத்தில் நூல் சிக்குகிறது. விளக்கை அருகே கொண்டுபோனால் ஒரு கம்பி அறுந்து முள்போல் நிற்கிறது. அந்த இடம் புல்லிமேல் (கப்பிமேல்) ஓடும் பகுதியாகவோ, ஃபேர்லீட் (கேபிளுக்கு வழிகாட்டும் துளை) வழியே போகும் பகுதியாகவோ, ஸ்வேஜ் செய்த (கேபிள்மேல் நெரித்துப் பொருத்திய) முனையிலிருந்து ஓர் அடிக்குள்ளோ இருந்தால் அந்த ஒரு கம்பி போதும், கேபிளை மாற்றியாக வேண்டும். அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்ஏஏ-வின் பராமரிப்பு வழிகாட்டி ஏசி 43.13-1பி இதைத் தெளிவாகச் சொல்கிறது. பலரும் தடுமாறுவது அடுத்த கேள்வியில்தான்: முன்பு இருந்ததுபோல் துத்தநாக-வெள்ளீயப் பூச்சுள்ள கார்பன் ஸ்டீலையே போடுவதா, அல்லது துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாறுவதா?

“ஸ்டெயின்லெஸ் என்றாலே உயர்தரம்” என்ற எண்ணத்தோடு முடிவெடுப்பவர்கள் அதிகம். சமையலறைப் பாத்திரத்துக்கு அது பொருந்தலாம், புல்லிமேல் வளைந்து வளைந்து ஓடும் கேபிளுக்குப் பொருந்தாது. எந்தக் கேபிள் நல்லது என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. உங்கள் விமானத்தில் கேபிள் தேய்ந்து போகிறதா, துருப்பிடித்துப் போகிறதா என்பதுதான் முடிவைச் சொல்லும். அதற்கான சான்று கழற்றி வைத்த பழைய கேபிளில் இருக்கிறது. அதைச் சுருட்டிக் குப்பையில் போடுவதற்கு முன் அரைமணி நேரம் செலவிடுங்கள்.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் அனுமதி. சான்றிதழ் பெற்ற விமானத்தில் கேபிளின் பொருளை மாற்றுவது உரிமையாளரின் விருப்பம் மட்டுமல்ல. உதிரிபாகப் பட்டியலிலோ, துணைச் சான்றிதழிலோ, பிஎம்ஏ (வேறு தயாரிப்பாளர் மாற்றுப் பாகம் செய்வதற்கான) அனுமதி பெற்ற பாகத்திலோ அந்த மாற்றத்துக்கு இடம் இருக்க வேண்டும். இந்தியாவில் டிஜிசிஏ, இலங்கையில் சிஏஏஎஸ்எல் என எந்த அமைப்பின் கீழ் பறந்தாலும் இந்தக் கேள்வி முதலில் வரும். இது தேறவில்லையென்றால் மற்றவற்றைப் பார்க்கத் தேவையே இல்லை.

அடுத்தவை: அறுபடும் வலிமை, புல்லிமேல் தேய்மானம், துரு, வெப்பத்தால் மாறும் இழுவிசை, கோளாறு கண்ணுக்குத் தெரியும் விதம், மொத்தச் செலவு. செலவில் கேபிளின் விலை சிறு பங்குதான். இருக்கைகளையும் தரைத்தகடுகளையும் கழற்றி, கேபிளைக் கோத்து, ரிக்கிங் (இழுவிசையையும் அசைவையும் சரிசெய்தல்) செய்து, மற்றொருவர் சரிபார்க்கும் உழைப்புதான் பெரும் பங்கு. நாலு வருடத்தில் மறுபடி மாற்ற வேண்டிய கேபிள், எவ்வளவு மலிவாக வாங்கியிருந்தாலும் விலை கூடியதே.

## பழைய கேபிளைப் படிப்பது

முதன்மைக் கட்டுப்பாடுகளுக்கு 1/8 அங்குலத்துக்குக் குறைந்த கேபிள் கூடாது என்பது, சிறு விமானங்களுக்கான அமெரிக்கப் பகுதி 23-இல் 2017 வரை இருந்த விதி. அந்த அளவில் வழக்கமாக வருவது 7×19 வகை: ஏழு புரிகள், ஒவ்வொரு புரியிலும் 19 கம்பிகள், ஆக 133 மெல்லிய கம்பிகள். சேதம் வெளிக்கம்பியிலும் தொடங்கலாம், உள்ளேயும் தொடங்கலாம்.

கேபிளைத் துடைத்து, புல்லி இருந்த இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கே மெல்ல வளைத்துப் பாருங்கள். விமானத்தில் விறைப்பாக நிற்கும்போது அறுந்த கம்பி தன் இடத்திலேயே படுத்திருக்கும். வளைத்தால் எழும்பும். வெளிக்கம்பிகள் தட்டையாகத் தேய்ந்து, ஒன்றோடொன்று கலந்து ஒரே பரப்பாகத் தெரிந்தால் பாதி கனம் போய்விட்டது என்று கொள்ளலாம். 40 முதல் 50 சதவீதத் தேய்மானத்தில் கேபிள் மாற்றத்துக்கு உரியது. தேய்மானம் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் குற்றவாளி கேபிள் அல்ல. சுழலாமல் நின்றுபோன புல்லியையோ, கோணம் தவறிய புல்லியையோ தேடுங்கள். ஃபேர்லீட் கேபிளின் திசையை 3 டிகிரிக்கு மேல் திருப்பக் கூடாது. அங்கே ஆழமாகத் தேய்ந்திருந்தால் கேபிள் அதில் அழுந்திக் கிடந்திருக்கிறது.

பிறகு துரு. மேற்பரப்பில் துரு தெரிந்தால், புரிகளின் முறுக்குக்கு எதிராக மெல்லத் திருகி உள்ளே பாருங்கள். வெளியே சுத்தமாக இருந்து உள்ளே செந்தூள் கொட்டும் கேபிள்தான் ஆபத்தானது. எந்த இடத்தில் துரு என்பதையும் எழுதி வையுங்கள். கதவுக்குக் கீழே மழைநீர் இறங்கும் இடம், வால்பகுதியின் அடியில் நீர் தேங்கும் இடம், மின்கலம் பின்பக்கம் இருக்கும் மாடல்களில் அதன் பெட்டிக்கு அருகே அமிலம் கசியும் இடம் ஆகியவை வழக்கமான இடங்கள்.

தேய்மானம் மட்டும் இருந்தால் ஒரு விடை, துரு மட்டும் இருந்தால் வேறு விடை. இரண்டும் இருந்தால் துருவுக்கான காரணத்தை முதலில் அடைக்க வேண்டும்.

## பூச்சுள்ள கார்பன் ஸ்டீல்

1/8 அங்குல 7×19 கார்பன் ஸ்டீல் கேபிளின் குறைந்தபட்ச அறுபடு வலிமை 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ. புல்லிமேல் திரும்பத் திரும்ப வளைவதை இது நன்றாகத் தாங்கும். கம்பிகளின் மேலுள்ள பூச்சும், தயாரிக்கும்போதே புரிகளுக்குள் வைக்கப்படும் மசகும் சேர்ந்து, கம்பிகள் ஒன்றையொன்று அரிக்காமல் வழுக்கி நகர உதவுகின்றன. ஒரு நாளில் பலமுறை ஏறி இறங்கும் பயிற்சி விமானத்துக்கு இந்தக் குணம் பெரிய வரம்.

இதன் மறைமுகச் செலவு பராமரிப்பில் இருக்கிறது. கரைப்பானில் நனைத்துத் துடைத்தாலும், ஊடுருவும் ஸ்ப்ரேயை அடித்தாலும் உள்ளிருக்கும் மசகு கரைந்து போய்விடும். அதன்பின் கேபிள் வெளியே பளபளப்பாகவும் உள்ளே வறண்டும் இருக்கும். லேசாக நனைத்த துணியால் வெளிப்புறத்தை மட்டும் துடைத்து, கையேடு சொல்லும் பாதுகாப்புப் பூச்சை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். கெட்டியாக அப்பினால் புழுதி அதில் ஒட்டி, அரைக்கும் பசையாகிவிடும்.

தேய்ந்த இடத்தில் துத்தநாகம் முதலில் போகும், பிறகு துரு வரும். இந்த வரிசை சோதிப்பவருக்கு உதவுகிறது. கார்பன் ஸ்டீல் தன் நோயைச் சிவப்பு நிறத்தில் அறிவித்துவிடும்.

விமானம் கொட்டகைக்குள் நிற்கிறது, உள்நாட்டில் பறக்கிறது, மணிநேரம் அதிகம், பழைய கேபிளில் தேய்மானம்தான் தெரிகிறது என்றால் இதை விட்டு வேறெதற்கும் போக வேண்டாம். உற்பத்தியாளர் முதலில் போட்டது இதுதான் என்றால் அனுமதிக் கேள்வியும் எழாது.

## ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்

அதே அளவு, அதே 7×19 அமைப்பு. ஆனால் குறைந்தபட்ச அறுபடு வலிமை 1,760 பவுண்டு, சுமார் 798 கிலோ. 12 சதவீதக் குறைவு. பறத்தலின்போது கேபிளில் வரும் விசையோடு ஒப்பிட்டால் இரண்டுமே மிகவும் மேலே நிற்கின்றன, ஆகவே இந்தக் குறைவால் கேபிள் அறுந்துவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. ஆனால் 2,000 பவுண்டை வைத்துக் கணக்கிட்ட வடிவமைப்பில் 1,760 பவுண்டுக் கேபிளைப் போட, அதற்கென்று ஒப்புதல் பெற்ற தரவு கையில் இருக்க வேண்டும். “அளவு ஒன்றுதானே” என்பது ஒப்புதல் ஆகாது.

உண்மையான பலவீனம் புல்லியில் இருக்கிறது. ஸ்டெயின்லெஸ் கம்பிகளுக்கு மேல் மென்மையான துத்தநாகப் படலம் இல்லை. ஒன்றோடொன்று அழுந்தி உராயும்போது அவை பற்றிக்கொண்டு பிய்கின்றன. சிறிய புல்லி, பெரிய திருப்பம், ஓயாத அசைவு மூன்றும் சேர்ந்த இடத்தில் கார்பன் ஸ்டீலைவிட முன்னதாகக் கம்பிகள் அறும். அறுவதற்கு முன் சிவப்பு எச்சரிக்கையும் வராது. அதனால் ஸ்டெயின்லெஸ் போட்ட விமானத்தில் கண்ணால் பார்ப்பதை நம்பாமல், இழுவிசையைத் தளர்த்திப் புல்லியிலிருந்து கேபிளை விலக்கி, வளைத்துப் பார்ப்பதை வழக்கமாக்க வேண்டும். அந்தக் கூடுதல் வேலை நேரத்தையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துருவை அது நன்றாகவே எதிர்க்கும். மிதவை விமானங்களில் இதை விரும்பிப் போடுவதற்குக் காரணம் அதுதான். கடலை ஒட்டிய, இலங்கையின் ரத்மலானை போன்ற நிலையத்தில் திறந்தவெளியில் நிற்கும், மாதத்தில் சில மணி நேரம் மட்டும் பறக்கும் விமானத்துக்கும் இது பொருத்தம். நிற்கும் விமானத்தில் தேய்மானம் நிகழாது, உப்புக்காற்று மட்டும் தன் வேலையை இடைவிடாமல் செய்துகொண்டிருக்கும்.

பலர் கவனிக்காத ஓர் ஆதாயமும் உண்டு. அலுமினியம் மீட்டருக்கு, ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 23 மைக்ரோமீட்டர் விரிகிறது. கார்பன் ஸ்டீல் சுமார் 12, ஸ்டெயின்லெஸ் சுமார் 17. உடற்பகுதி விரியும் அளவுக்குக் கேபிள் விரியாததால் வெயிலில் கேபிள் இறுகும், குளிரில் தளரும். 4 மீட்டர் கேபிளில் 30 டிகிரி மாற்றத்துக்குக் கார்பன் ஸ்டீலில் வரும் வித்தியாசம் சுமார் 1.3 மில்லிமீட்டர், ஸ்டெயின்லெஸ்ஸில் சுமார் 0.7 மில்லிமீட்டர். தரையில் 38 டிகிரி, 10,000 அடியில் அதைவிட ஏறக்குறைய 20 டிகிரி குறைவு என்று பறக்கும் இடங்களில் இது பொருட்படுத்தத்தக்கது. ஆனால் இதற்காக மட்டும் மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காந்தத்தை வைத்து இரண்டையும் பிரித்தறிய முயல வேண்டாம். கம்பியாக இழுக்கப்பட்ட ஸ்டெயின்லெஸ்ஸும் ஓரளவு காந்தத்தில் ஒட்டும். பாகத்தின் எண் பதித்த அடையாளத் தகடும், அதோடு வந்த சான்றிதழும்தான் ஆதாரம்.

| அளவுகோல் (1/8 அங்குலம், 7×19) | கார்பன் ஸ்டீல் | ஸ்டெயின்லெஸ் |
|---|---|---|
| குறைந்தபட்ச அறுபடு வலிமை | 2,000 பவுண்டு | 1,760 பவுண்டு |
| புல்லிமேல் ஆயுள் | கூடுதல் | குறைவு |
| உப்புக்காற்று, ஈரம் | பராமரிப்பைப் பொறுத்தது | நன்கு தாங்கும் |
| வெப்பத்தால் இழுவிசை மாற்றம் | அதிகம் | குறைவு |
| முன்னெச்சரிக்கை | துரு கண்ணில் படும் | கம்பி அறுந்த பிறகே தெரியலாம் |
| 60 சதவீதச் சோதனைச் சுமை | 1,200 பவுண்டு | 1,056 பவுண்டு |
| கேபிளின் விலை | குறைவு | கூடுதல் |

ஒரே விமானத்தில் இரண்டையும் கலந்து பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தனித்தனிச் சுற்றுகளில், ஒப்புதல் இருந்தால் தடையில்லை. ஒரே சுற்றின் இரு பாதிகளில் வேறு வேறு பொருளைப் போட்டால் வெப்பத்தில் இரண்டும் வெவ்வேறு அளவு விரியும், நடுநிலை நகரும். அதைத் தவிர்க்க வேண்டும்.

## முனைகள்: எதை வாங்கினாலும் தீராத சிக்கல்

கேபிள் கார்பன் ஸ்டீலாக இருந்தாலும் அதன் முனையில் ஸ்வேஜ் செய்த பாகம் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ்தான். 303 எஸ்இ வகை ஸ்டெயின்லெஸ்ஸால் ஆன முனைகளில் நுண்ணிய குழிகள் விழுந்து, அங்கிருந்து அழுத்த-அரிப்பு விரிசல் ஓடி, முன்னறிவிப்பின்றி உடைந்த நிகழ்வுகள் உண்டு. ஆஸ்திரேலிய விமானப் பாதுகாப்பு அமைப்பான காசா இவ்வகை முனைகள் உள்ள முதன்மைக் கட்டுப்பாட்டுக் கேபிள்களை 15 ஆண்டுகளுக்குள் கழித்துவிட ஆணையிட்டதன் காரணம் இதுவே. மணிநேரத்தோடு இதற்குத் தொடர்பில்லை. பறக்காமல் நின்ற விமானத்திலும் ஆண்டுகள் ஓடிக்கொண்டிருக்கும்.

எனவே புல்லியருகே கேபிள் நன்றாக இருக்கிறது என்பதற்காக 25 வருட முனைகளை அப்படியே விட்டுவிட வேண்டாம். லாக் வயரை (முனையின் மரை கழலாமல் பூட்டும் கம்பி) எடுத்துவிட்டு, அது சுற்றியிருந்த தண்டை 10 மடங்கு உருப்பெருக்கியால் பாருங்கள். ஈரம் தங்குவது அந்தச் சுற்றுகளுக்கு அடியில்தான். துருக் கறையோ, குழியோ, மயிரிழைக் கோடோ தெரிந்தால் முடிவு உடனடி.

## ஆயத்தமாக வாங்குவதா, பட்டறையில் செய்வதா

உற்பத்தியாளரிடமிருந்தோ பிஎம்ஏ அனுமதி பெற்றவரிடமிருந்தோ வரும் கேபிளில் நீளம் அளக்கப்பட்டு, முனைகள் ஸ்வேஜ் செய்யப்பட்டு, சுமைச் சோதனையும் முடிந்திருக்கும். காத்திருக்க வேண்டியதும் சுங்கமும்தான் இதன் சுமை. பழைய விமானமாகி, பாகம் கிடைக்கவில்லை என்றால் பட்டறையில் செய்வதே வழி.

பட்டறையில் செய்யும்போது தவறு வரும் இடங்கள் சில. தீயால் கேபிளை வெட்டுவது வெப்பத்தால் கம்பியின் பதத்தைக் கெடுக்கும், கேபிள் வெட்டியால்தான் வெட்ட வேண்டும். ஸ்வேஜ் செய்யும்போது முனை நீளும். அந்த நீட்சியைக் கணக்கில் எடுக்காவிட்டால் டர்ன்பக்கிளில் (இரு முனைகளையும் இணைத்து இழுவிசையைச் சரிசெய்யும் மரை உருளை) மரை போதாமலோ மிஞ்சியோ போகும். ஸ்வேஜ் முடிந்ததும் கோ-நோகோ அளவியால் விட்டத்தைப் பார்த்து, கேபிள் நழுவினால் தெரியும்படி முனையும் கேபிளும் சேரும் இடத்தில் சிவப்பு வண்ணக் குறி இட வேண்டும். பிறகு அறுபடு வலிமையின் 60 சதவீதச் சுமையை மெல்ல ஏற்றி, குறைந்தது 3 நிமிடம் வைத்திருக்க வேண்டும். அறுந்தால் சாட்டைபோல் வீசும், மறைப்பு இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

கேபிளை வளையமாக மடித்து நெரிக்கும் நிக்கோபிரஸ் செப்புக் குழல் முறை, வீட்டில் கட்டிய விமானங்களிலும் பழைய துணிபோர்த்திய விமானங்களிலும் நன்றாக உழைக்கிறது. திம்பிளோடு (வளையத்தின் உள்ளே வைக்கும் உலோகத் தாங்கி) சரியாக அழுத்தினால் கேபிளின் முழு வலிமையும் கிடைக்கும். 1/8 அங்குலத்துக்கு மூன்று அழுத்தம்: முதலில் நடுவில், பிறகு திம்பிள் பக்கம், கடைசியில் மறுபக்கம். ஸ்டெயின்லெஸ் கேபிளுக்குப் பூச்சில்லாத செப்புக் குழல் ஆகாது. இரு உலோகங்களின் மின்வேதி அரிப்பைத் தடுக்கப் பூச்சிட்ட குழல்தான் வேண்டும். ஸ்வேஜ் முனை வைத்துச் சான்றிதழ் பெற்ற 172-இல் அதற்குப் பதிலாக இதைப் போட வேண்டாம்.

## டர்ன்பக்கிள் பூட்டு: லாக் வயரா, கிளிப்பா

எம்எஸ் 21256 கிளிப் விரைவானது, தண்டை மூடி மறைக்காதது. முனைகளின் ஆயுளை நினைத்தால் எனக்கு இதுவே பிடித்தது. ஆனால் பள்ளம் வெட்டிய டர்ன்பக்கிளும் முனையும் இருந்தால்தான் இது பொருந்தும். பழைய பள்ளமற்ற உருளையில் லாக் வயரைத் தவிர வேறு வழியில்லை. கழற்றிய கிளிப்பை மறுபடி போடக் கூடாது.

லாக் வயர் என்றால் 1/8 அங்குலக் கேபிளுக்கு 0.040 அங்குல ஸ்டெயின்லெஸ் கம்பியால் ஒற்றைச் சுற்று முறை போதும். முனைத்தண்டில் குறைந்தது நான்கு சுற்று வர வேண்டும். எந்தப் பூட்டானாலும் உருளைக்கு வெளியே மூன்று மரைக்கு மேல் தெரியக் கூடாது.

## போட்ட பிறகு

ரிக்கிங்கில் குறுக்குவழி எடுத்தால் மேலே சொன்ன தேர்வுகளுக்கெல்லாம் பொருளில்லை. 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட்டில் பீச் 1900டி விமானம் புறப்பட்டவுடன் விழுந்து 21 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய பராமரிப்பில் எலிவேட்டர் கேபிளின் இழுவிசையைச் சரிசெய்தவர்கள் டர்ன்பக்கிளைத் தவறாகத் திருப்பியதால், மூக்கைக் கீழே இறக்கும் அசைவு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது. எடைமையமும் பின்னால் போயிருந்தது. சில படிகள் தவிர்க்கப்பட்டதை அறிந்தே அனுமதித்த ஆய்வாளர்தான் வேலையைக் கற்றுக்கொடுத்தவரும். 2018 நவம்பர் 11 அன்று போர்ச்சுகலின் அல்வெர்காவிலிருந்து பராமரிப்பு முடிந்து கிளம்பிய ஏர் அஸ்தானா எம்ப்ரேயர் 190-இல் எய்லரான் (இறக்கையில் விமானத்தைச் சாய்க்கும் தட்டு) கேபிள்கள் மாறிக் கோக்கப்பட்டிருந்தன. விமானிகள் பெரும் போராட்டத்துக்குப் பின் பெஜாவில் இறக்கினார்கள்.

பழைய கேபிளைக் கழற்றுமுன் எந்தப் புல்லியின் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று படம் எடுத்து, இரு முனைகளுக்கும் பெயர்ச்சீட்டு கட்டி, பழையதன் வாலில் நூல் கட்டி இழுத்து அதே வழியில் புதியதைக் கோத்துவிடுங்கள். புல்லிக் காப்பு ஊசிகள் கேபிளின் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெயிலில் நின்ற விமானத்தை நிழலில் சில மணி நேரம் ஆறவிட்டு, 1/8 அங்குலத்துக்கான ரைசரை (மீட்டரில் கேபிளின் அளவுக்கேற்பப் பொருத்தும் துண்டு) போட்டு, செல்லுபடியாகும் அளவீட்டுச் சான்றுள்ள டென்ஷன் மீட்டரால் அளக்க வேண்டும். 172-இன் பல மாடல்களில் எய்லரானுக்கு 40 பவுண்டு, எலிவேட்டருக்கு 30 பவுண்டு, இரண்டிலும் கூட்டல் கழித்தல் 10. உங்கள் வரிசை எண்ணுக்குரிய கையேட்டில் உள்ளதே இறுதி. “கொஞ்சம் இறுக்கமாக இருக்கட்டும்” என்று மேல் எல்லையில் விட்டால் ஓட்டம் கனக்கும், புல்லியின் தாங்கி சீக்கிரம் தேயும், ஸ்டெயின்லெஸ் போட்டிருந்தால் அதன் ஆயுளே குறையும். தளர்ந்தால் முழு அசைவு கிடைக்காது, கேபிள் புல்லியை விட்டுத் தாவலாம்.

பிறகு அசைவுக் கோணங்களைச் சாய்வுமானியால் அளக்க வேண்டும். இழுவிசை சரியாக இருந்தும் அசைவு குறைந்திருக்க முடியும் என்பதை சார்லட் காட்டியது. கடைசியாக, இந்த வேலையில் கை வைக்காத ஒருவர் வெளியே நின்று திசையைப் பார்க்கட்டும். யோக்கை (விமானி பிடிக்கும் கட்டுப்பாட்டுச் சக்கரம்) வலப்பக்கம் திருப்பினால் வலது எய்லரான் மேலே, இடது கீழே. யோக்கை இழுத்தால் எலிவேட்டரின் பின்விளிம்பு மேலே. வலது பெடலை மிதித்தால் ரட்டரின் பின்விளிம்பு வலப்பக்கம். “சரி” என்று சொன்னால் போதாது, எந்தப் பகுதி எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

புதுக் கேபிளின் புரிகள் முதல் சில மணி நேரப் பறத்தலில் படிந்து சற்றுத் தளரும். கார்பன் ஸ்டீலானாலும் ஸ்டெயின்லெஸ்ஸானாலும் அடுத்த சோதனைவரை காத்திருக்காமல் முதல் 10 மணி நேரத்துக்குள் இழுவிசையை மறுபடி அளந்து, பூட்டைப் புதிதாகப் போட்டு, பதிவேட்டில் இழுவிசையோடு அன்றைய வெப்பநிலையையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை அளப்பவருக்கு அந்த வெப்பநிலை இல்லாமல் இந்த எண் பயன்படாது.